மேல் தட்டு நிறங்கள்

ஆன்சி ராயபுரத்து அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ரவிக்கைக்கு அளவெடுக்க வந்த எதிர்வீட்டுத் தையல்காரி மலர்க்கொடி, அண்ணி கொடுத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக அவள் தோளில் போட்டுப் பார்த்து பீரோவில் அடுக்கினாள்.

"உனுக்கு எடுப்பா இருக்கிற கலரெல்லாம் மேல் தட்டு. எடுப்பா இல்லாதது கீழ. ரோஸ் வேணாங்க்கா, மூஞ்சி வெளுத்துப் போவுது. இந்த மயில்கழுத்துப் பச்ச பாரு, சும்மா தூக்கினு நிக்குது."

"பதினாலு வருஷமா வெள்ளையே கட்டிட்டேன் மலரு. நாளைக்குப் பூசைக்கு இதைக் கட்டிட்டுப் போனா, மொத்தக் கோயிலும் என்னைத்தான் பார்க்கும்."

அத்தனை சின்ன வயதிலா தாலியறுத்தாள் என்று மலர்க்கொடிக்கு மனசு கொதித்தது.

"பாக்கட்டுமே. ரெண்டாயிரமாவது வருசமே பொறந்துட்ச்சு. வியாசர்பாடில எங்க அத்தை, மாமா செத்த மறுமாசமே செவப்பு கட்டினு வேலைக்குப் போச்சு. போனவரு உன் கலரையும் சேத்தா எட்த்துகினு போனாரு?"

ஆன்சி சிரித்துவிட்டாள். "யாரும் போகலை மலரு. நான்தான் வந்துட்டேன்."

"எங்கேந்து? புருசன் வூட்லேந்தா?"

"கன்னியர் மடத்திலேர்ந்து. போன வாரம் வரைக்கும் நான் சிஸ்டர் ஆன்சி. நாளைக்கு அவங்க எல்லாரும் முன்வரிசையில வெள்ளையில உட்கார்ந்திருப்பாங்க."

மலர்க்கொடி அந்தப் பச்சைச் சேலையை மேல் தட்டில் வைத்தாள். பிறகு அளவு நாடாவை உதறினாள்.

"கையைத் தூக்குக்கா. சாயந்தரத்துக்குள்ள ரவிக்கை வந்துடும். நாளைக்கு நீ கடைசி வரிசைல ஒளிஞ்சு உக்காந்தேன்னு மட்டும் காதுல வுழுந்துச்சு, அவ்ளோதான்."