இரண்டாவது கிண்ணம்

வெள்ளை அங்கியை மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் என் தம்பி பெண்டாட்டி போட்டுக்கொண்டாள்.

பொத்தானை ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டியிருந்தாள். நான் சொல்லவில்லை. எப்படியோ போகட்டும்.

அவளை ஆய்வகத்துக்குள் விட்டதே பெரிய விஷயம். அறிக்கை வரும்வரை காத்திருக்க மாட்டாளாம். தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டுமே. பார்த்த பிறகாவது வாயை மூடிக்கொண்டு அவள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் பாதி வழியில் சுருண்டு விழுந்தான் அவர்கள் பையன். ஏழு வயது. பிறந்ததிலிருந்து என் தோளை விட்டு இறங்காத பிள்ளை. அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நான் அவள் பக்கத்தில்கூடப் போய் நிற்கவில்லை.

பரிசோதனையில் அவன் மரபணுவில் இரண்டு கோளாறு தெரிந்தது. ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. இரண்டுமே இதயத் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாசலில். எது அவனைக் கொன்றது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தெரியும் என்று அப்போதே சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி. அவள் வீட்டில்தான் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற கூட்டம்.

"உன் ஆய்வகத்து மீனுங்களே சொல்லட்டும்க்கா" என்றான் தம்பி, தலையைக் குனிந்துகொண்டே. அவள் வழிதான் என்று தெரிந்தால் விலகிவிடுவதாக எங்கள் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

சொந்தக்காரர் விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்து விதி. நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு கோளாறு ஒரு கிண்ணத்து மீன்களில், இன்னொன்று மற்றதில். எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மீனைப் பார்க்கிற நுண்ணோக்கி அது. குனிந்துவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி. அறுக்காமலே இதயம் தெரியும். கால்சியம் பாயும்போது பச்சையாக மின்னும்படி செய்திருந்தேன். மின்னும்போது தசை இறுகும். கால்சியம் திரும்பிப் போனால் பச்சை அணையும், தசை தளரும். வாசல் ஒழுகினால் அந்தத் தளர்ச்சிக்கு நேரமே கிடைக்காது.

சும்மா இருக்கும்போது இரண்டு கிண்ணமும் சமர்த்துதான். ஓடுகிற பிள்ளைக்கு ஏறுமே படபடப்பு, அதை மருந்தாக ஒரு சொட்டு விட வேண்டும்.

முதல் கிண்ணத்தில் விட்டேன். இதயம் வேகம் எடுத்தது. மின்னியது, அணைந்தது, மின்னியது, அணைந்தது. ஒரு பிசகு இல்லை.

இரண்டாவதில் விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு அணைய வேண்டிய பச்சை அணையாமல் அங்கும் இங்கும் மினுக்கியது. துடிப்பு தடுமாறியது. அப்புறம் இதயம் துடிக்கவே இல்லை, வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணி, நடுங்குறது என்னோடதுதானே?"

ஒரு வருஷமாக நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள்.

"ஆமா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அங்கியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, மேசைமேல் வைத்தாள். அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சங்கடப்பட வேண்டாம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய இந்தப் பொறுமை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

அவள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு கையுறையைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, நம்ம பாப்பா நீச்சலுக்குக் கிளம்பிட்டாளா? அனுப்பாதீங்க. ஓடவும் விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அவள மடியிலயே வச்சுக்கோங்க."