பழுதில்லாத கடைவாய்ப்பல்

நான் கொண்டுபோன பல்லை, வகுப்பெடுக்க வந்த டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். சுவர்த் திரையில் அது யானைத் தலை அளவுக்குத் தெரிந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. அதுதான் சரியில்லை. காலையிலிருந்து மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தவர்.

"இதுல சொத்தையே இல்லையே சார்," என்றார் கடைசியில்.

நாற்பது பல் டாக்டர்கள் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

வேர் சிகிச்சையில் வந்திருக்கும் புது முறைகளைப் பழைய டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருநாள் வகுப்பு அது. நாங்கள் விரல் நோகக் கம்பி விட்டுத் தேய்த்த வேரை இப்போது மோட்டார் ஊசி இரண்டு நிமிடத்தில் சுத்தம் செய்துவிடுகிறது. இதில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிப்பார்கள். கடைசித் தேதி நாளை.

இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு வருஷமாகத் தொங்கும் என் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டும். ஆணி துருப்பிடித்துச் சுவரோடு ஐக்கியமாகிவிட்டது. பலகையைக் கழற்றினால் கட்டடமும் கூடவே வரும்.

பழகிப் பார்க்க ஆளுக்கொரு பிடுங்கிய பல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தலை உடையாமல், வேர் முழுசாக இருக்க வேண்டும். ஞானப்பல் வேண்டாம், வேர் கோணலாக இருக்கும் என்று குறிப்பில் போட்டிருந்தது. ஞானம் என்றைக்கு நேராக வளர்ந்தது.

பக்கத்து நாற்காலியில் எங்கள் தெருவின் எதிர் கிளினிக்காரர். காபித்தூள் பாட்டில் நிறையப் பல் கொண்டுவந்திருந்தார். வேண்டுமென்றே குலுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கூட்டம் அப்படி. ஒருநாள் அவர் வாசல் வரிசை தெருவைத் தாண்டி, வளைந்து, என் வாசல்வரை வந்துவிட்டது. கடைசியில் நின்றவர் தவறிப்போய் என் கிளினிக்குக்குள் நுழைந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போனார்.

காலையில் என் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒத்தப் பல்லாண்ணே? எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு யாருக்கும் பதில் சொல்லவில்லை. இடைவேளையில் காபி தொடவில்லை. பெயர் கேட்டவருக்குச் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் காட்டினேன். மதியத்துக்குள் எனக்கு மௌனசாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாமி எதையோ மறைக்கிறது என்று பின்னால் ஒரு கிசுகிசுப்பு.

கடைசி வரிசையில், துணைக்கு வந்தவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில், என் மனைவி. கல்யாணமான மறுவாரத்திலிருந்து என் கிளினிக்கில் கருவி எடுத்துக் கொடுக்கிறவள். என்னிடம் வருகிற ஒன்றிரண்டு பேரும் "அம்மா இருக்காங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் தைரியம் வருகிறதாம்.

வாசலில் அவள் கைப்பையைத் தூக்கிப் பார்த்த காவலாளிக்குத் தோள் ஒருபக்கம் இறங்கிவிட்டது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு "குடை" என்றாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

டாக்டரம்மா நான் பல் பிடுங்கும் இரும்புக் குறடைவிட வயதில் சின்னவர். ஆனால் கண் கழுகுக் கண். ஊசியால் வேரைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்ல ஈரம்கூடக் காயல. இன்னிக்குக் காலைல எடுத்த பல்லு. தேய்மானத்தப் பாத்தா எழுபது வயசுக்காரரோடது. சார், ஒரு பெரியவரோட நல்ல பல்ல, ஞாயித்துக்கிழம அதுவுமா, இந்த வகுப்புக்காகப் புடுங்கிட்டு வந்தீங்களா?"

கேள்வியில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தலையாட்டினேன்.

எதிர் கிளினிக்காரர் தன் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"யாரு அந்தப் பெரியவர்? இப்பவே சொல்லுங்க. இல்லன்னா நான் கவுன்சிலுக்கு எழுத வேண்டியிருக்கும்." என் சான்றிதழ் அவர் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிவிட்டார்.

சொன்னால் பலகை பிழைக்கும். ஆனால் ஏழு மாதமாக என்னிடம் பல் பிடுங்க ஒருவரும் வரவில்லை என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்துவிடும்.

கட்டடத்தை நினைத்துப் பார்த்தேன். முகக்கவசத்தைக் கழற்றி, வாயைத் திறந்து, இடதுபக்கம் கீழே கடித்துக்கொண்டிருந்த பஞ்சை வெளியே எடுத்தேன்.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார். குழியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் குழியைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே," என்றார் எதிர் கிளினிக்காரர். பாட்டிலைக் குலுக்கவில்லை. இந்த இரக்கக் குரலைக் கேட்கக் கூடாது என்றுதான் அவரிடம் பல் கேட்கவில்லை.

டாக்டரம்மா இன்னும் என் வாய்க்குள்ளேயே இருந்தார். "ஈறு கிழியல. வேர் நுனி உடையல. நான்கூட இவ்ளோ சுத்தமா எடுத்ததில்ல. யாரு சார் எடுத்தது?"

கண்ணாடி பார்த்து நானே எடுத்தேன் என்று சைகை காட்டினேன். அவர் நம்பிவிட்டார். பேனாவைத் திறந்து சான்றிதழை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மொதல்ல வாய மூடுங்க. நான் சொல்றவரைக்கும் பஞ்ச எடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

நாற்பது தலைகளும் திரும்பின. டாக்டரம்மாவின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. புதுப் பஞ்சு எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டாள்.

உள்ளே குடை கணீர் என்றது.