சுண்ணாம்பு கொட்டாத நாட்கள்

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பென்சில் காரீயச் சுரங்கத்தின் வாயைக் கொங்கிரீட் போட்டு மூடி ஒன்பது வருடங்களாகிவிட்டன. இடிந்த மண்ணுக்குள் அகப்பட்ட ஆறு பேரை வெளியே எடுக்கவே இல்லை. அவர்களில் ஒருவர் லோகேஸ்வரியின் புருஷன்.

அடிவாரக் குழாயில் இன்னும் செம்மஞ்சள் தண்ணீர் வழிகிறது. அது தேயிலை நாற்றுமேடைக்குப் போவதற்கு முன் தாளை நனைத்து நிறம் பார்த்து, சுண்ணாம்பு கொட்டுவது அவள் வேலை. தாள் சிவந்தால் புளித்த தண்ணீர்; சுண்ணாம்பு கொட்டித்தான் முறிக்க வேண்டும். பச்சையானால் நல்ல தண்ணீர்.

“புதுசா ஒடைச்ச கல்லுல காத்தும் தண்ணியும் பட்டாத்தான் இப்பிடிப் புளிக்கும், அக்கா. உள்ளுக்கு இப்ப யாரு கல்லு ஒடைக்கிறது? இனிக் கொறஞ்சிடும்” என்று பரிசோதனைக்கு வரும் இர்பான் சேர் வருடா வருடம் சொல்வார்.

குறையவில்லை. பௌர்ணமிப் போயா நாட்களில் மட்டும் தாள் பச்சையாகும். போயாவுக்குச் சுரங்கத்தில் எல்லோருக்கும் லீவு. தீபாவளியன்று பாதிப் புளிப்பில் மஞ்சளாகும். அன்றைக்கு அந்த ஆறு பேரில் தமிழ் ஆட்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் லீவு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாட்களில் முதுகு கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான்.

இந்தத் தீபாவளிக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அவருக்கென்று நான்கு பலகாரம் தட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் குழாயடிக்கு வந்தாள். தாளை நனைத்தாள். செக்கச் சிவந்தது. இன்னொன்றையும் நனைத்துப் பார்த்தாள். அதுவும் சிவப்புதான்.

லோகேஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழாயின் வாயருகே குனிந்தாள்.

“நல்ல நாளும் அதுவுமா உங்களுக்கு லீவு குடுக்கலையாங்க?” என்று கேட்டுவிட்டு, சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்தாள்.