ராத்திரிக் கொழுப்பு

"எண்ணெய்ச் சட்டி பரண்ல ஏறி ஆறு மாசம் ஆச்சு டாக்டர். அப்புறம் இவருக்கு எங்கேருந்து கொழுப்பு வருது?"

கேட்டது மனைவி. கணவர் பக்கத்து நாற்காலியில், யார் வீட்டு வழக்கையோ வேடிக்கை பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

ரத்தக் கொழுப்பு ஒரே நாளில் எப்படி ஏறி இறங்குகிறது, வயதாக ஆக அது எப்படி மாறுகிறது என்பது அந்த டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. அதற்காகப் போன வாரம் இருவரும் ஒரு நாள் முழுக்க மருத்துவமனையில் தங்கியிருந்தார்கள். அவர் ஆண்கள் வார்டில். துணைக்கென்று பெயர் கொடுத்த அவள் பெண்கள் வார்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டர் கணினித் திரையைத் திருப்பினார்.

"சின்ன வயசுல இது அலை மாதிரி ஏறி இறங்கும்மா. வயசானா அலை கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும். உங்க வீட்டுக்காரருக்கு அடங்கவும் இல்ல, இருக்கவேண்டிய நேரத்துலயும் இல்ல. தலைகீழா இருக்கு. ராத்திரியிலதான் கொழுப்பு ஏறுது."

"பகல்லயும் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள் மனைவி.

கணவர் திரையை உற்றுப் பார்த்தார். "கோடு நல்லா வளைஞ்சு வந்திருக்கு" என்றார்.

"ராத்திரி வேலை பார்க்கறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

"பார்த்தாரே! பத்திரிகை அச்சகத்துல மெஷின்மேன். முப்பத்திரண்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட். ஆனா ரிட்டயராகி ஒன்பது வருஷம் ஆச்சு. இப்பல்லாம் பத்து மணிக்குப் படுத்தா, விடியற வரைக்கும் புரண்டுகூடப் படுக்கமாட்டார். அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம்."

வார்டு நர்சும் 'இரவு முழுவதும் அசையாமல் உறங்கினார்' என்றுதான் எழுதியிருந்தாள்.

"ஒரு தடவை நெஞ்சுவலி வந்தவர். காரணம் தெரியாம நான் மாத்திரையைக் கூட்ட முடியாது. நீங்க போய் எடை பார்த்துட்டு வாங்கம்மா."

அவள் போனதும் டாக்டர் குரலைத் தணித்தார்.

"உண்மையைச் சொல்லுங்க ஐயா. ராத்திரி என்ன பண்றீங்க?"

"படுத்திருக்கேன்."

"தூங்கறீங்களா?"

அவர் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இல்ல. ரிட்டயரான நாள்லேருந்து ராத்திரியில பொட்டுத் தூக்கம் கிடையாது. உடம்பு மாறமாட்டேங்குது. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டை மாதிரி கிடப்பேன்."

"எழுந்து உட்காரலாம். ஏதாவது படிக்கலாமே?"

"அவ முழிச்சுக்குவா. நான் வேலைக்குப் போன காலத்துல தனியாக் கிடந்து பயந்தவ டாக்டர். இப்பத்தான் பக்கத்துல ஆள் இருக்குன்னு நிம்மதியாத் தூங்கறா. ஒரு அசைவு இருக்காது. அதை நான் கெடுக்கணுமா?"

"அப்ப நீங்க எப்பத்தான் தூங்கறது?"

"நூலகத்துக்குப் போறேன்னு காலைல பத்து மணிக்குக் கிளம்பிடுவேன். கடைசி மேசை. நாலு மணிக்கு நூலகர் எழுப்பிவிடுவார். நல்ல மனுஷன். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். மாத்திரையை எவ்வளவு வேணும்னாலும் கூட்டிக்குங்க."

"மாத்திரை தூக்கத்துக்கு ஈடாகுமா? நெஞ்சு தாங்காது ஐயா. அம்மாகிட்ட நானே பக்குவமாச் சொல்றேன். நீங்களும் போய் எடை பாருங்க."

அவர் மனசில்லாமல் எழுந்து போனார். மனைவி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. முதலில் அவளுடைய ரிப்போர்ட்டைச் சொல்லிவிட்டுப் பேசலாம் என்று அதைத் திறந்தார். பெயரைச் சரிபார்த்தார். வார்டு எண்ணைச் சரிபார்த்தார். பிறகு நர்ஸ் எழுதிய குறிப்பைப் படித்தார். 'இரவு முழுவதும் அசையாமல் உறங்கினார்.'

திரையில் அதே தலைகீழ் அலை.

மனைவியும் எட்டிப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். அவர் ஷிஃப்ட்ல இருந்த முப்பத்திரண்டு வருஷமும் முழிச்சே பழகிட்டேன். இப்பவும் அவர் நூலகத்துக்குக் கிளம்பினாத்தான் எனக்குக் கண் அசருது. ராத்திரி நான் புரண்டு படுத்தா, பாவம், அவர் தூக்கம் கெட்டுடும்."