ஒரே மூட்டை மாவு

ஓர் ஊரில் மாதா கோயிலும் ஒரு யூதர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. பாஸ்கா பண்டிகைக்காக அந்த வீட்டில் சுட்ட புளிக்காத அப்பம் ஜன்னலில் ஆறிக்கொண்டிருந்தது. கோயில் பீடத்திலிருந்த நற்கருணை அப்பம் எதிர் ஜன்னல் வழியாக அதைக் கூப்பிட்டது.

“அக்கா, உன் மாவில் என்ன கலந்தார்கள்?”

“தண்ணீர்தான். எங்கள் ஜனங்கள் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியபோது மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அந்த நினைவுக்குத்தான் இன்றும் இப்படிச் சுடுகிறார்கள். ஏன் கேட்கிறாய்?”

“எனக்கும் தண்ணீர்தான். கடைசி இராவுணவில் ஆண்டவர் பிட்டுக் கொடுத்ததே உன்னைப் போன்ற பாஸ்கா அப்பத்தைத்தானே. ஆனால் இங்கே பிரசங்கத்தில், உன் மாவில் எங்கள் பிள்ளைகளைக் கொன்று எடுத்த ரத்தம் இருக்கிறது என்றார்கள்.”

வீட்டு அப்பம், “நீ சொன்னால் கேட்பார்களே. உன் முன்னால்தானே மண்டியிடுகிறார்கள்?” என்றது.

“சொல்கிறேன் அக்கா. அவர்கள் வாய்க்குள்ளேதான் போகப்போகிறேன்.”

பூசையில் முதலில் நாக்கை நீட்டியவன், இரண்டு இடத்துக்கும் ஒரே மூட்டையிலிருந்து மாவு விற்றவன். அப்பம் அவன் நாக்கில் ஏறி, “வெறும் மாவும் தண்ணீரும்தான், உனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக்கொண்டே கரைந்தது. அவன் பக்தியோடு கண்ணை மூடி விழுங்கினான். பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக் கதவை உதைத்தான்.