எல்மருக்கு வந்த புத்தகம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தப் பக்கத்துச் சிற்றூர் நூலகங்களுக்குப் புத்தகங்கள் பொது. ஓர் ஊரில் கேட்டால் இன்னோர் ஊரிலிருந்து வேனில் வந்துவிடும். யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்குத்தான் முதலில்.

அந்த வரிசையை நூலகர் மார்லிஸ் ஒரே ஒருமுறை மாற்றினாள். பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு கடல் நாவலை எல்மர் கேட்டிருந்தார். அவருக்குப் பின்னால் மேயரின் மனைவி கார்லா கேட்டாள். நூலகத்துக்குப் பணம் ஒதுக்குவது மேயர். கிழவர் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்து மார்லிஸ் அதை முதலில் கார்லாவுக்குக் கொடுத்தாள். கார்லா படித்து முடிப்பதற்குள் எல்மர் இறந்துபோனார்.

புத்தகம் அதை அனுப்பிய ஊருக்கே திரும்பிப் போய், மறுவாரமே எல்மர் பெயரில் வேனில் மறுபடி வந்தது. முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தின் கீழ் மூலை மடிந்திருந்தது. கீழ் மூலையை மடித்து அவளிடம் திட்டு வாங்கியவர் எல்மர் மட்டும்தான்.

மார்லிஸ் மடிப்பை நீவித் திருப்பி அனுப்பினாள். புத்தகம் வாராவாரம் வந்தது. ஒவ்வொரு முறையும் மடிப்பு சில பக்கங்கள் தள்ளிப் போயிருந்தது.

"மறுபடியும் இதுவா? யாரும்மா விடாம கேக்குறது?" என்றார் வேன் ஓட்டும் டுவேன்.

"எங்க ஊர்க்காரர்தான். மெதுவா படிப்பார்."

மடிப்பு கடைசி அத்தியாயத்தை எட்டியதும், மார்லிஸ் அந்த நாவலின் இரண்டாம் பாகத்தை எல்மர் பெயரில் பதிந்தாள். அது வந்து இறங்கிய அன்றே கார்லாவும் வந்தாள்.

"அடடே, ரெண்டாம் பாகம்! குடு, நான் கொண்டுபோறேன்."

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காருங்க."

"போன தடவையும்தான் யாரோ இருந்தாங்க," என்று கார்லா கண் சிமிட்டினாள்.

"அவரேதாங்க," என்றாள் மார்லிஸ்.