புகை மிஷினுக்கு ஒரு ஜீப்

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் வண்டிப் புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் முகம்மது மைதீன், ஆவுடையப்பனை நன்றாக ஏய்க்கிறான் என்றுதான் பேச்சு. பின்னே? தினமும் காலையில் இவர் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்துவாராம். அவன் சைலன்ஸரில் குழாயைச் சொருகிப் புகையை அளப்பானாம். சொந்த டீசலை எரித்து இப்படி யாராவது ஊழியம் பார்ப்பார்களா?

ஆவுடையப்பன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆகி, மனைவி யோகலட்சுமியும் போய்ச் சேர்ந்த பிறகு, அவரை எதற்கும் யாரும் கூப்பிட்டதில்லை. மைதீன்தான் கூப்பிட்டான்.

ஒரே வண்டி, ஒரே புகை. ஆனாலும் மிஷின் தடவைக்கு ஒரு நம்பர் காட்டுகிறதாம். அது எவ்வளவு தடுமாறும் என்று தெரிந்தால்தான், பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடு எல்லையில் நிற்கிற வண்டிக்காரனை அநியாயமாக ஃபெயில் போடாமல் இருக்கலாம். அதற்கு ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். அவர் ஜீப்புதான் தோது என்று சொல்லிவிட்டான். மனுசனுக்கு அதில் ஒரு பெருமை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்.

பக்கத்து மெக்கானிக் பாண்டியராஜுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வழிமறித்துச் சொல்லிவிட்டான்.

"அண்ணாச்சி, மிஷின் கம்பெனிக்காரன் என் முன்னாலதான் வந்து நம்பரையெல்லாம் எழுதிட்டுப் போனான். அந்தக் கணக்கு போன மாசமே முடிஞ்சிட்டு. உங்களைச் சும்மா அலைய விடுதான்."

ஆவுடையப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்படியென்றால் இங்கேயும் தன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லையா? நேரே போய்க் கேட்டார்.

மைதீன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா அண்ணாச்சி, முடிஞ்சிட்டு."

"கெழவன் ஒத்தையில கெடக்கானேன்னு பரிதாபப்பட்டியோ?"

இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

மைதீன் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க மேல நான் என்ன பரிதாபப்பட? வாரவன் எல்லாம் சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போயிருதான். ரூமுக்குப் போனா நானும் ஒத்தக்கட்டைதான். 'சாப்பிட்டியாடே'ன்னு என்னையக் கேக்க, இந்த ஊர்ல உங்களை விட்டா யாரு இருக்கா அண்ணாச்சி?"